மறுக்கப்படும் கடவுள் யாருடைய கடவுள்?

2004 முதல் 2007 வரையிலான நான்கு ஆண்டுகளில், சமய நம்பிக்கையைக் கடுமையாகச் சாடும் நான்கு நூல்கள் ஆங்கிலத்தில் அடுத்தடுத்து வெளிவந்தன. சாம் ஹாரிஸ், டேனியல் டென்னட், ரிச்சர்ட் டாக்கின்ஸ், கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் ஆகியோர் எழுதிய அந்த நூல்களே பின்னர் ‘புதிய நாத்திகம்’ என்று பெயர் பெற்ற போக்கின் அடித்தளம். கடவுள் இருக்கிறார் என்பதற்குச் சான்று இல்லை என்பது அவர்களுடைய முதல் குற்றச்சாட்டு. சான்றில்லாத அந்த நம்பிக்கை மனிதருக்குத் தீங்கு செய்கிறது என்பது இரண்டாவது. சமயத் தரப்பிலிருந்து எழுந்த மறுமொழிகளில் கல்வியாளர்களிடையே பெரிதும் மதிக்கப்பட்டது ஒன்று உண்டு. ‘நீங்கள் மறுக்கும் கடவுளை நாங்களும் நம்புவதில்லை’ என்பதே அது. இலக்கியத் திறனாய்வாளர் டெர்ரி ஈகிள்டன் 2006 அக்டோபரில் டாக்கின்ஸின் நூலுக்கு எழுதிய மதிப்புரை, கேரன் ஆம்ஸ்ட்ராங்கின் 2009ஆம் ஆண்டு நூல், இறையியலாளர் டேவிட் பென்ட்லி ஹார்ட்டின் 2013ஆம் ஆண்டு நூல் ஆகிய மூன்றும் வெவ்வேறு நடையில் இதையே சொல்கின்றன. இந்த மறுமொழியில் உண்மை இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும் உரிமையைச் சமயம் ஈட்டிக்கொள்ள வேண்டும். நாத்திகரிடம் சொல்வதற்கு முன் அதைத் தன் சொந்த அடியார்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

முதலில் இந்த மறுமொழியின் வலிமையைப் பார்ப்போம். டாக்கின்ஸ் தம் நூலில் கடவுளை ஒரு கருதுகோளாக வரையறுக்கிறார். அண்டத்தைத் திட்டமிட்டு வடிவமைத்துப் படைத்த, இயற்கைக்கு மேம்பட்ட ஓர் அறிவு என்பது அந்த வரையறை. சிக்கலான ஒன்றை வடிவமைப்பவர் அதைவிடச் சிக்கலானவராகத்தான் இருக்க முடியும்; அப்படியானால் அவர் எப்படித் தோன்றினார் என்ற கேள்வி முன்னதைவிடப் பெரிதாகி நிற்கிறது; எனவே படைப்பாளி என்ற விளக்கம் எதையும் விளக்கவில்லை என்பது அவருடைய மைய வாதம். பொறியாளரைப் போன்ற ஒரு கடவுளை நோக்கி எய்தால் இந்த அம்பு தைக்கும். ஆனால் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ் கடவுளை அண்டத்துப் பொருள்களின் வரிசையில் மிகப் பெரிய பொருளாக வைக்கவில்லை. உறுப்புகளோ பகுதிகளோ இல்லாத எளிமையே இறைவன் என்பதைத் தம் பெருநூலின் தொடக்கத்திலேயே வாதிட்டு நிறுவுகிறார். பொருள்கள் எல்லாம் ‘இருப்பதற்கு’ அடிப்படையாக உள்ளதைத்தான் அவர் கடவுள் என்கிறார். அதைச் சிக்கலானது என்று வைத்துக்கொண்டு நடத்தும் வாதம் அதைத் தொடுவதில்லை.

இது கிறித்தவ இறையியலுக்கு மட்டும் உரிய நுட்பமும் அன்று. அதே 13ஆம் நூற்றாண்டில் நடுநாட்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் ஆறாம் சூத்திரம் இந்தச் சிக்கலையே எடுத்துக்கொள்கிறது. பொறிகளாலும் சுட்டறிவாலும் அறியப்படும் பொருள் எல்லாம் மாறி அழியும் அசத்து. எவ்வகையாலும் அறியப்படாதது என்றாலோ அது இல்பொருள் ஆகிவிடும். இந்த இரண்டு வகையிலும் அடங்காமல் நிற்பதே சிவசத்து என்று சூத்திரம் முடிக்கிறது. கடவுளை ஆய்வுக்கூடத்து மேசையில் வைக்கக்கூடிய ஒரு பொருளாக நினைப்பது பிழை என்பதை ஐரோப்பாவும் தமிழகமும் தனித்தனி வழியில் ஒரே நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கின்றன. ஆகவே நாத்திகத் தாக்குதல் வந்த பிறகு தப்பிப்பதற்காக அவசரமாகப் புனைந்த விளக்கம் இது என்று சொல்ல முடியாது. சமயங்களின் சிந்தனை மரபில் இதற்கு ஆழமான வேர் இருக்கிறது.

வேர் ஆழமானது என்பதால் மறுமொழி நிறைவானது என்று ஆகிவிடாது. 1950ஆம் ஆண்டு வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டில் இளம் மெய்யியலாளர் ஆண்டனி ஃப்ளூ எழுப்பிய கேள்வி இன்றும் இந்த மறுமொழியின் முன் நிற்கிறது. காட்டின் நடுவே ஒரு வெளியில் பூச்செடிகளும் களைகளும் கலந்து வளர்ந்திருக்கின்றன. இதைப் பேணும் தோட்டக்காரர் ஒருவர் உண்டு என்கிறார் ஒரு பயணி. காவல் இருந்து பார்க்கிறார்கள், யாரும் வரவில்லை. அவர் கண்ணுக்குத் தெரியாதவர் என்கிறார் நம்புகிறவர். மின்வேலி போட்டும் மோப்ப நாய்களை விட்டும் எதுவும் அகப்படவில்லை. தொடவும் முடியாதவர், மணமும் ஒலியும் இல்லாதவர் என்று விளக்கம் நீள்கிறது. கடைசியில் அந்தத் தோட்டக்காரருக்கும், தோட்டக்காரரே இல்லை என்பதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கிறார் மற்றவர். ஒரு நம்பிக்கைக்கு எதிராக எதுவுமே சான்றாக முடியாது என்றால், அந்த நம்பிக்கை உலகைப் பற்றி எதையாவது சொல்கிறதா என்பதே ஃப்ளூவின் கேள்வி. அவரே 2004இல் தம் நாத்திகத்தைக் கைவிட்டு, அண்டத்துக்கு ஓர் அறிவார்ந்த மூலம் உண்டு என்ற நிலைக்கு வந்தார். அந்த மாற்றத்தால் அவருடைய பழைய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது. கேட்டவர் மனம் மாறினாலும் கேள்வி கேள்வியாகவே இருக்கிறது.

இந்தக் கேள்வி வெறும் தருக்கப் பயிற்சி அன்று என்பதற்கு 2006இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு சான்று. ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகளிடம் அது நடத்தப்பட்டது. சமயமும் அறிவியலும் சந்திக்கும் ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் டெம்பிள்டன் அறக்கட்டளை அதற்கு உதவியது. ஒரு பிரிவினருக்காகப் பிரார்த்தனை செய்யப்பட்டது. ஒரு பிரிவினருக்காகச் செய்யப்படவில்லை. தம் பிரிவு எது என்பது இவ்விரு சாராருக்கும் தெரியாது. மூன்றாம் பிரிவினருக்கோ, தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்பது உறுதியாகத் தெரியும். அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் முதல் பிரிவில் 52 விழுக்காட்டினருக்கும், இரண்டாம் பிரிவில் 51 விழுக்காட்டினருக்கும், மூன்றாம் பிரிவில் 59 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன. பிரார்த்தனையால் பயன் எதுவும் புலப்படவில்லை. சோதனைக்காகச் செய்யப்படும் வேண்டுதலுக்குக் கடவுள் செவிசாய்க்கக் காரணம் இல்லை என்று மெய்யியலாளர் ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் விளக்கினார். இறையியலாகப் பார்த்தால் அது முறையான விளக்கமே. ஆனால் முடிவு வேறாக வந்திருந்தால் எத்தனை மேடைகளில் அது சான்றாக முழங்கியிருக்கும் என்பதைச் சமயத்தவர் தம் மனத்தைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். வென்றால் சான்று, தோற்றால் சோதனைக்கு அப்பாற்பட்டது என்னும் நிலை நேர்மையானதாக இருக்க முடியாது.

நம் கடற்கரைக்கும் இந்தக் கேள்வி வந்தது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணியில் திருப்பயணிகள் நிறைந்திருந்த வேளையில் ஆழிப்பேரலை வந்தது. கரையிலும் கடைவீதியிலும் இருந்த நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். பேராலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அதை அன்னையின் புதுமை என்று பலர் நெஞ்சுருகச் சொன்னார்கள். பிழைத்தவரின் நன்றியுணர்வு யாரும் குறைசொல்லக் கூடாத ஒன்று. ஆயினும் அது புதுமை என்றால், அதே அன்னையைத் தேடி வந்து கரையில் நின்ற குழந்தைகளுக்கு அந்தப் புதுமை ஏன் எட்டவில்லை என்ற கேள்வி கூடவே பிறக்கிறது. இதைக் கேட்க ஒருவர் நாத்திகராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக இருந்தாலே போதும். அந்தப் பேரழிவை ஒட்டி டேவிட் பென்ட்லி ஹார்ட் எழுதி 2005இல் வெளியிட்ட சிறுநூல், எல்லாம் இறைவனின் திட்டம் என்று சொல்லும் ஆறுதலை உறுதியாக நிராகரிக்கிறது. குழந்தைகளின் சாவைத் தன் திட்டத்தில் ஓர் அங்கமாக வைத்திருக்கும் கடவுள் வணங்கத் தகுந்தவர் அல்லர் என்பதில் தாஸ்தயேவ்ஸ்கியின் நாவலில் வரும் இவான் கரமசோவ் பக்கமே நிற்கிறார் ஹார்ட். சாவு கடவுளின் கருவி அன்று, அவருடைய பகை என்பது அவருடைய நிலை. இது மதிப்புக்குரிய மறுமொழி. ஆனால் எத்தனை இரங்கல் கூட்டங்களில், எத்தனை மறையுரைகளில் இது ஒலிக்கிறது? இறையியல் நூலில் ஒரு கடவுளும் இழவு வீட்டில் வேறொரு கடவுளும் இருப்பதுதான் சிக்கலின் வேர்.

டாக்கின்ஸே இந்த இடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். நுட்பமான இறையியலைத் தாம் கணக்கில் எடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்குத் தம் நூலின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவர் விடை சொன்னார். அத்தகைய நுட்பமான சமயமே உலகில் மேலோங்கி இருந்திருந்தால் தாம் வேறொரு நூலை எழுதியிருக்கக்கூடும் என்றார். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கைக்கொள்ளும் சமயம் அதுவன்று என்பது அந்த விடையின் சாரம். இதில் ஒரு பாதி பிழையானது. ஒரு கருத்து உண்மையா என்று பார்க்க அதன் செம்மையான வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பரிணாமக் கொள்கையை அதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களின் பேச்சை வைத்து யாரும் மதிப்பிடக் கூடாது. மற்றப் பாதி சரியானது. செம்மையான வடிவம் அறிஞரின் நூலகத்தில் பூட்டிக் கிடக்க, மேடையிலும் உண்டியலிலும் வேறொரு வடிவம் ஆட்சி செய்தால், அந்த ஆட்சியை எதிர்ப்பவரிடம் நூலகத்தின் சாவியைக் காட்டுவது விடையாகாது.

தமிழகம் இந்த வழக்கை மேலை உலகுக்கு எண்பது ஆண்டுகள் முன்பே கண்டுவிட்டது. 1925 மே 2 அன்று ஈரோட்டில் பெரியாரின் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கிவைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள் என்ற சைவத் துறவி. சமயமும் சுயமரியாதையும் முதல் நாளிலேயே பகையாகிவிடவில்லை என்பதற்கு இதுவே அடையாளம். அடுத்த சில ஆண்டுகளில் பெரியாரின் விமரிசனம் வருணாசிரமத்திலிருந்து புராணங்களுக்கும், புராணங்களிலிருந்து கடவுள் கொள்கைக்கும் விரிந்தபோது சைவர்கள் மறுமொழி சொல்ல வேண்டியதாயிற்று. மறைமலையடிகள் சொன்ன விடையின் அமைப்பு ஈகிள்டனும் ஹார்ட்டும் பின்னாளில் சொன்னதையே ஒத்திருந்தது. புராணக் கதைகளும் சாதி வேற்றுமையும் உயிர்ப்பலியும் ஆரியர் புகுத்தியவை, தமிழரின் தூய சைவத்துக்கு அவை அயலானவை, ஆகவே நீங்கள் சாடுவது எங்கள் சிவத்தை அன்று என்பதே அவர் நிலை. சுயமரியாதை இயக்கத்தாரின் எதிர்க்கேள்வி எளிமையானது. அது சைவம் அன்று என்றால், கோபுரச் சுதைகளில் அது ஏன் இருக்கிறது? திருவிழாக்களில் அது ஏன் நடிக்கப்படுகிறது? தாழ்த்தப்பட்ட மக்கள் ஏன் கோயில் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்? தூய சைவம் நூலில் இருந்தது; பூட்டிய கதவு தெருவில் இருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைய 1939 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறைமலையடிகளின் நேர்மையில் ஐயமில்லை. சாதியை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். ஆனால் அவர் சொன்ன சைவத்தின் கையில் கோயில்களின் சாவி இருக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு மெய்யான விடை அடுத்த தலைமுறையில் ஒரு மடத்திலிருந்து வந்தது. 1952இல் குன்றக்குடி ஆதீனத்தின் தலைமையை ஏற்ற குன்றக்குடி அடிகளார், நாத்திகரை வாதத்தில் வெல்வதைத் தம் முதற்பணியாகக் கொள்ளவில்லை. பெரியாருடன் நட்புப் பேணினார். அவருடைய குற்றச்சாட்டுகளில் எவை உண்மை என்று பார்த்து அவற்றைச் சமயத்துக்குள்ளேயே திருத்த முனைந்தார். தமிழில் வழிபாடு, எல்லாச் சாதியினருக்கும் அர்ச்சகர் உரிமை ஆகியவற்றை ஒரு மடாதிபதியே ஆதரித்துப் பேசினார். மடத்தின் ஊரிலேயே, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வக அறிவியலாளர்களின் துணையுடன், வேலைவாய்ப்பும் கைத்தொழிலும் தரும் கிராமத் திட்டம் ஒன்றை நடத்திக் காட்டினார். 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே கலவரம் மூண்டபோது அங்கே சென்று சமாதானத்துக்கு உழைத்தார். சமயம் அறிவுக்கும் சமத்துவத்துக்கும் அமைதிக்கும் பகை என்பது குற்றச்சாட்டு. இந்த மூன்றுக்கும் அவர் செயலால் விடை சொன்னார். ஆயினும் ஒருவர் செய்தது எல்லாருடைய கணக்கிலும் வரவாகிவிடாது. அர்ச்சகர் பதவியின் வாரிசு உரிமையை நீக்கிய 1970ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டது. 1972இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ஏற்றபோதும் ஆகமக் கட்டுப்பாட்டை விட்டுவைத்தது. பயிற்சி பெற்ற பல சாதியினர் தமிழக அரசால் அர்ச்சகர்களாக அமர்த்தப்பட 2021 ஆகஸ்ட் வரை ஆயிற்று. அந்த அரை நூற்றாண்டுத் தாமதம் நாத்திகர்கள் உண்டாக்கியதன்று.

ஓர் உலகச் சமயமே இத்தகைய தன்னாய்வைச் செய்ததற்கும் சான்று உண்டு. 1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஆவணம் நாத்திகத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. கொள்கையளவில் அதை மறுக்கிறது. ஆனால் மறுப்பதற்கு முன்பாகவே, நாத்திகம் பிறந்ததில் நம்பிக்கையாளருக்கும் கணிசமான பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. விசுவாசத்தைச் சரியாகக் கற்பிக்கத் தவறியதாலும், தம் சமய, ஒழுக்க, சமூக வாழ்வின் குறைகளாலும், அவர்கள் கடவுளின் முகத்தைக் காட்டாமல் மறைத்துவிட்டார்கள் என்கிறது. அதே ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல், நம்பிக்கை அற்றவர்களுடன் உரையாடுவதற்கென்றே ஒரு செயலகத்தை நிறுவி, வியன்னாவின் கர்தினால் ஃபிரான்ஸ் கோனிக்கை அதன் தலைவராக்கினார். இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் பொறுப்பாக்கிய பழைய போக்கைச் சங்கம் கைவிட்டதும் 1965இல்தான். தன்னாய்வு அங்கே வெறும் சொல்லாக நில்லாமல் போதனையையே மாற்றியது. ஆனால் அந்த ஒப்புதல் எங்கே செயலாகவில்லையோ அங்கே திருச்சபை பெரும் விலை கொடுத்தது. அயர்லாந்தில் குழந்தைகள் மீது நடந்த கொடுமைகளையும் அவை மூடிமறைக்கப்பட்டதையும் 2009இல் வெளியான இரண்டு அரசு விசாரணை அறிக்கைகள் அம்பலப்படுத்தின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைக் கத்தோலிக்கர் என்று பதிந்தவர்கள் 84 விழுக்காடு. 2022இல் 69 விழுக்காடு. இந்தச் சரிவுக்குச் செல்வப் பெருக்கம், நகர வாழ்வு, கல்வி எனக் காரணங்கள் பல உண்டு. என்றாலும் அண்டத்தின் தோற்றம் பற்றிய எந்த வாதத்தையும்விட, நம்பிய கை குழந்தையைக் காக்கத் தவறியதே பலருடைய மனத்தை முறித்தது என்று கொள்வது நியாயம்.

இந்த முடிவுக்கு எழக்கூடிய தடைகளில் முதலாவது நாத்திகரிடமிருந்தே வரும். அடிகளார் கிராமத் திட்டம் நடத்தியதால் சிவன் இருக்கிறார் என்று ஆகுமா? ஆகாது. நல்லொழுக்கம் இறையிருப்புக்குச் சான்றல்ல. தீயொழுக்கம் இறையின்மைக்கும் சான்றல்ல. ஆனால் நாத்திக விமரிசனத்துக்கு இரண்டு முனைகள் உண்டு என்று தொடக்கத்தில் கண்டோம். சான்று கேட்கும் முனைக்குத் தருக்கத்தாலும், தீங்கைச் சுட்டும் முனைக்குச் செயலாலும் விடை சொல்ல வேண்டும். ஒரு கடனை மற்றதன் கணக்கில் கழிக்க முடியாது. இதே காரணத்தால்தான், ஸ்டாலினும் மாவோவும் நாத்திகர்கள், அவர்கள் செய்த கொலைகளைப் பாருங்கள் என்று சமயத்தவர் சொல்லும் விடையும் பயன்படுவதில்லை. தட்டிக்கேட்க ஆளில்லாத அதிகாரம் எந்தக் கொடியின் கீழும் கொல்லும் என்பதற்கு அது சான்று. கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவருக்கு அது எந்த வகையிலும் விடையாகாது.

இரண்டாவது தடை எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. அறிஞரின் கடவுளை எல்லாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது எளிய மக்களின் பக்தியை இழிவுபடுத்துவது ஆகாதா? சிவஞானபோதம் படித்தறியாத ஒரு மூதாட்டி, அந்தி நேரத்தில் மாடத்தில் அகல் ஏற்றும்போது எந்தக் கருதுகோளையும் முன்வைப்பதில்லை. நன்றியையும் அச்சத்தையும் ஏக்கத்தையும் ஒளியாக்கி நிற்கிறார், அவ்வளவே. சடங்கை அறிவியலின் குறைப்பிரசவம்போலக் கருதிய மானிடவியலாளர் ஃப்ரேசரை மெய்யியலாளர் விட்கன்ஸ்டைன் கண்டித்ததும் இதற்காகத்தான். அந்த அகலுக்கு எந்த நாத்திகரும் பகையாக வேண்டியதில்லை. இக்கட்டுரை சுட்டும் பிழை மூதாட்டியிடம் இல்லை. இந்தப் பரிகாரம் செய்தால் புற்று ஆறும், இந்தக் கூட்டத்துக்கு வந்தால் முடவர் நடப்பார் என்று வாக்களித்துக் காணிக்கை பெறுபவரிடமும், அதைத் தெரிந்திருந்தும் வாய் திறக்காத சமயத் தலைமையிடமும்தான் இருக்கிறது. பக்தி ஏக்கத்தின் மொழியாக இருக்கும்வரை அதற்குச் சான்று கேட்பது பொருந்தாது. விளைவுக்கு உத்தரவாதம் தரும் வணிகமாக மாறிய கணமே கேட்பது பொருந்தும்.

மூன்றாவது தடை ஃப்ளூவுடையது. இப்படி ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தால் கடைசியில் நம்பிக்கையில் என்னதான் எஞ்சும்? அவருடைய கேள்விக்கு உடனடியாகவே ஆக்ஸ்ஃபோர்டின் பேசில் மிட்செல் சொன்ன உவமை இங்கே உதவும். அயலார் பிடியில் உள்ள நாட்டில் ஒரு விடுதலைப் போராளி ஓர் இரவு முன்பின் அறியாத ஒருவரைச் சந்திக்கிறான். விடியும்வரை பேசுகிறார்கள். அவர் தம் பக்கத்தவர் என்று போராளி முழுமையாக நம்பிவிடுகிறான். பின்னர் அவர் சில வேளை போராளிகளுக்கு உதவுவதும், சில வேளை எதிரியின் காவலரோடு சேர்ந்து அவர்களைப் பிடித்துக்கொடுப்பதும் கண்ணில் படுகின்றன. அப்போதும் போராளி நம்பிக்கையை விடவில்லை. ஆனால் தான் கண்டது தன் நம்பிக்கைக்கு எதிரானது என்பதை அவன் மறைப்பதும் இல்லை. அந்த முரண் அவனை வதைக்கிறது. அப்படி வதைபடாதவனின் நம்பிக்கை வெறும் பிடிவாதம் என்பதே மிட்செலின் கருத்து. எதிர்ச்சான்றின் பாரத்தை உணர்ந்து சுமப்பதுதான் விசுவாசத்துக்கும் மூடநம்பிக்கைக்கும் இடையிலான எல்லைக்கோடு. வேளாங்கண்ணிக் கரையில் மாண்ட குழந்தைகளைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுப் பேசும் நம்பிக்கை அந்தக் கோட்டைக் கடந்துவிட்டது. அவர்களை மனத்தில் வைத்துக்கொண்டே விளக்கேற்றும் நம்பிக்கை கோட்டுக்கு இப்பால் நிற்கிறது. அதை எவரும் மறுக்கலாம். ஆனால் எவரும் எள்ளி நகையாட முடியாது.

நீங்கள் மறுக்கும் கடவுளை நாங்களும் நம்புவதில்லை என்னும் வாக்கியம் உண்மையாக வேண்டுமானால் அதில் உள்ள ‘நாங்கள்’ என்ற சொல் மெய்யாக வேண்டும். அறிஞர் சிலர் மட்டுமே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்களா, கோயிலிலும் ஆலயத்திலும் பள்ளிவாசலிலும் நிறைந்த மக்களும் அவர்களை வழிநடத்தும் தலைமையும் இருக்கிறார்களா என்பதே கேள்வி. சாதியைக் காக்கும் கடவுளையும் காணிக்கைக்கு ஈடாகக் கைமாறு தரும் கடவுளையும், அப்பாவிகளின் சாவைத் திட்டமிடும் கடவுளையும் மேடையேறி மறுக்கும் துணிவு சமயத் தலைமைக்கு வரும் நாளில், அந்த மறுப்பின் பெரும்பகுதியில் நாத்திகரும் அவர்களும் ஒரே பக்கத்தில் நிற்பார்கள். அதன் பிறகும் அவர்களிடையே ஒரு வேறுபாடு எஞ்சும்: மறுக்க வேண்டியவற்றை எல்லாம் மறுத்த பின்னும் வணங்கத் தகுந்த ஒன்று இருக்கிறதா என்பது. விவாதிக்கத் தகுந்த கேள்வி அதுதான். அதைச் சமமாக அமர்ந்து விவாதிக்கும் தகுதியைச் சமயம் தன் வீட்டைத் தானே கூட்டிப் பெருக்கித்தான் பெற முடியும்.